சராசரி மாணவருக்கும் ஒரு சமூகம் வேண்டும்

அமெரிக்க மக்கள்தொகையில் யூதர்கள் நூற்றுக்கு இரண்டரைப் பேருக்கும் குறைவாகவே உள்ளனர் என்றாலும், அவர்களில் வயதுவந்தோருள் 58 விழுக்காட்டினர் கல்லூரிப் பட்டம் பெற்றவர்கள் என்றும், நாட்டு மக்கள் அனைவரையும் சேர்த்துப் பார்த்தால் அந்த அளவு ஏறத்தாழ 30 விழுக்காடே என்றும் பியூ ஆய்வு மையம் 2020இல் நடத்திய கணக்கெடுப்பு தெரிவிக்கிறது. கல்வியை இந்த அளவுக்குப் பற்றிக்கொண்ட ஒரு சமூகத்தில் பள்ளிப் படிப்பை நடுத்தர மதிப்பெண்ணோடு முடிக்கும் மாணவரின் நிலை எளிதானதன்று. வீட்டிலும், உறவினர் கூடும் விருந்துகளிலும், தொழுகைக் கூடத்தின் முற்றத்திலும் "எந்தக் கல்லூரி?" என்று கேட்கப்படும் கேள்விக்கு எதிர்பார்க்கப்படும் விடை ஹார்வர்டு, யேல், கொலம்பியா, பென்சில்வேனியா என்ற சில பெயர்களுக்குள் அடங்கிவிடுவதால், அவற்றில் ஒன்றைச் சொல்ல இயலாதவர் குடும்பத்தின் நெடுநாள் கனவைக் கைநழுவ விட்டவர்போலக் கூனிக்குறுக நேர்கிறது. இந்தக் கூச்சத்துக்கு வரலாற்றிலும் நியாயமில்லை, இன்றைய அமெரிக்க உயர்கல்வியின் நடைமுறையிலும் நியாயமில்லை. பெரும்பெயர் பெற்ற கல்லூரிகள் கதவடைத்த காலத்தில் அமெரிக்க யூதர்களை ஆளாக்கியவை அந்தப் பெருமை இல்லாத கல்லூரிகளே. யூத மாணவர் யூதராகவே வாழ்ந்து படிக்கத் துணைநிற்கும் அமைப்பு முதன்முதலில் வேரூன்றியதும் அத்தகைய ஓரிடத்தில்தான். ஆகவே நடுத்தர மதிப்பெண் பெற்றவர் கல்லூரி தேடும்போது தரவரிசைப் பட்டியலை ஒருபுறம் வைத்துவிட்டு, அங்கே தமக்கு ஒரு சமூகம் உண்டா, கடனில் மூழ்காமல் உரிய காலத்தில் பட்டத்தோடு வெளியேற முடியுமா என்ற இரண்டையும் முதலில் விசாரிப்பதே அறிவுடைமை.

சராசரி மாணவர் என்று இங்கே குறிக்கப்படுபவர் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்கப் பள்ளிகளில் நான்கு ஆண்டுகளின் மதிப்பெண்களையும் கூட்டி நான்கு என்ற உச்ச எண்ணுக்கு எத்தனை என்று கணக்கிடும் தரப்புள்ளி முறை நடைமுறையில் உள்ளது. 2019ஆம் ஆண்டின் தேசியக் கணக்கெடுப்பில் பள்ளி முடித்த மாணவர்களின் சராசரித் தரப்புள்ளி 3.11 என்று காணப்பட்டது. அதாவது மூன்றை ஒட்டிய புள்ளி பெற்றவர் தோல்வியுற்றவர் அல்லர். நாட்டின் பெரும்பாலான பிள்ளைகளோடு ஒரே வரிசையில் நிற்பவர். தமிழ்நாட்டில் பொறியியல், மருத்துவச் சேர்க்கைகளில் கட்-ஆஃப் மதிப்பெண்ணின் பின்னம்கூட இடத்தைத் தீர்மானிப்பதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அமெரிக்க முறை விளங்கச் சற்று நேரமாகலாம்: அங்கே ஒவ்வொரு கல்லூரியும் தன் போக்கில் விண்ணப்பத்தைப் படித்து, தரப்புள்ளி, எஸ்.ஏ.டி. போன்ற பொதுத் தேர்வு, கட்டுரை, பரிந்துரைக் கடிதம் ஆகியவற்றை எடைபோட்டு முடிவெடுக்கிறது. பொதுத் தேர்வு மதிப்பெண்ணைக் கேட்காமலே சேர்க்கும் கல்லூரிகளும் ஏராளம். நாலாண்டுப் படிப்பு வழங்கும் 1,364 கல்லூரிகளின் 2017ஆம் ஆண்டுச் சேர்க்கைத் தரவுகளைப் பியூ மையம் ஆராய்ந்தபோது, விண்ணப்பித்தவர்களில் பத்து விழுக்காட்டுக்கும் குறைவானவர்களையே ஏற்றவை 17 மட்டுமே என்றும், பாதிக்கு மேற்பட்ட கல்லூரிகள் மூன்றில் இரண்டு பங்கினருக்கோ அதற்கும் மேற்பட்டவர்களுக்கோ இடமளித்தன என்றும் தெரியவந்தது. குடும்பங்களின் உறக்கத்தைக் கெடுப்பவை அந்தப் பதினேழும் அவற்றையொட்டிய சிலவும்தான். எஞ்சிய ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் கல்லூரிகளில்தான் நாட்டின் உயர்கல்வி பெரும்பாலும் நடக்கிறது.

பிறகு ஏன் இந்தச் சில பெயர்கள்மேல் யூதக் குடும்பங்களுக்கு இத்தனை ஏக்கம்? கிழக்கு ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்த தலைமுறையின் பிள்ளைகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க், பாஸ்டன் பள்ளிகளில் முதலிடம் பிடிக்கத் தொடங்கியபோது, கொலம்பியாவில் யூத மாணவர்களின் பங்கு நாற்பது விழுக்காட்டைத் தொட்டதாகவும், ஹார்வர்டில் 1922ஆம் ஆண்டளவில் ஐந்தில் ஒன்றைத் தாண்டியதாகவும் மதிப்பிடப்படுகிறது. ஹார்வர்டின் தலைவராக இருந்த லாரன்ஸ் லோவெல் அவ்வாண்டில் யூதர்களுக்கு 15 விழுக்காடு என்ற உச்சவரம்பு விதிக்க முனைந்தார். யூதர் எண்ணிக்கை பெருகினால் அவர்கள்மீதான வெறுப்பும் பெருகும், எனவே எண்ணிக்கையைக் குறைப்பது அவர்களுக்கே நல்லது என்பது அவர் முன்வைத்த வாதம். வெளிப்படையான உச்சவரம்பை ஆசிரியர் குழு ஏற்கவில்லை. ஆனால் அதே நோக்கத்தைச் சுற்றுவழியில் நிறைவேற்றும் ஏற்பாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துசேர்ந்தன. விண்ணப்பப் படிவத்தில் சமயம், தாயின் திருமணத்துக்கு முந்தைய குடும்பப்பெயர், தந்தையின் பிறப்பிடம் ஆகியவற்றோடு, விண்ணப்பிப்பவரோ அவருடைய தந்தையோ பிறந்தபின் பெயரை மாற்றிக்கொண்டதுண்டா, மாற்றியிருந்தால் முழு விவரம் தருக என்ற கேள்வியும் ஹார்வர்டு படிவத்தில் இடம்பெற்றது. கோஹன் என்ற பெயரைக் கோவன் என்று மாற்றிக்கொண்ட குடும்பத்தைப் பிடிப்பதற்கான வலை என்பதைத் தவிர இக்கேள்விக்கு வேறு பொருளில்லை. புகைப்படம், நேர்காணல், 'குணநலன்' பற்றிய மதிப்பீடு, தொலைதூர மாநிலத்தவருக்கு முன்னுரிமை ஆகிய இன்றைய சேர்க்கை முறையின் பல உறுப்புகள் இந்தச் சூழலில் உருவானவையே என்பதைச் சமூகவியலாளர் ஜெரோம் கரபெல் 2005இல் வெளியிட்ட நூலில் விரிவாக நிறுவியுள்ளார். யேலில் யூதர் பங்கு நெடுங்காலம் பத்து விழுக்காட்டை ஒட்டியே நிறுத்தப்பட்டிருந்தது. 1950களில் யூத மாணவர் சேர்க்கையை வேண்டுமென்றே குறைத்ததற்காக ஸ்டான்ஃபோர்டு 2022இல்தான் மன்னிப்புக் கேட்டது. ஹார்வர்டுக்கு எதிராக ஆசிய அமெரிக்க மாணவர்களின் பெயரால் தொடரப்பட்டு 2023இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கிலும் இந்தப் பழைய வரலாறு சான்றாக எடுத்துவைக்கப்பட்டது. அந்த மாணவர்களுள் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் உட்பட இந்திய வம்சாவளியினரும் அடங்குவர் என்பதால் இது நமக்கு முற்றிலும் அயலான கதையன்று.

மறுக்கப்பட்ட கதவின்மேல் ஆசை மூள்வது இயல்பு. ஆனால் அக்கதவு மூடியிருந்த நாற்பது ஆண்டுகளில் அந்தச் சமூகம் எங்கே படித்தது என்று பார்ப்பதே சராசரி மாணவருக்குப் பயன்தரும். 1847இல் தொடங்கப்பட்டு 1976 வரை கல்விக் கட்டணமே வாங்காமல் நடத்தப்பட்ட நியூயார்க் சிட்டி கல்லூரியும், அதன் வழியில் 1930இல் புரூக்ளினிலும் 1937இல் குயின்ஸிலும் தோன்றிய நகரக் கல்லூரிகளும் தையற்காரர்களின் பிள்ளைகளையும் தள்ளுவண்டிக்காரர்களின் பிள்ளைகளையும் சுரங்கப்பாதை ரயிலில் வந்து படித்துச் செல்ல வைத்தன. போலியோ தடுப்பூசியை உருவாக்கிய ஜோனாஸ் சால்க் சிட்டி கல்லூரியில் படித்து 1934இல் பட்டம் பெற்று, யூதர்களுக்கு வரம்பு வைக்காத நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரிக்குச் சென்றவர். கொலம்பியா தன் முதன்மை வளாகத்தில் சேர்க்க விரும்பாத மாணவர்களுக்காக 1928இல் புரூக்ளினில் சேத் லோ இளநிலைக் கல்லூரி என்ற கிளையைத் திறந்தது. அறிவியல் புனைகதைகளால் உலகப் புகழ் பெற்ற ஐசக் அசிமோவ் 1935இல் அங்கேதான் அனுப்பப்பட்டார். சால்க்கும் அசிமோவும் சராசரி மாணவர்கள் அல்லர் என்பது உண்மையே. சிட்டி கல்லூரியில் இடம் பெறவும் அக்காலத்தில் நல்ல மதிப்பெண் வேண்டியிருந்தது. ஆயினும் அக்கல்லூரிகளின் பெயருக்கு அன்றைய உயர்குடிச் சமுதாயத்தில் ஒரு மதிப்பும் இருந்ததில்லை. அவற்றில் படித்து ஆசிரியர்களாகவும் கணக்காளர்களாகவும் மருந்தாளுநர்களாகவும் அரசு ஊழியர்களாகவும் வாழ்க்கையை அமைத்துக்கொண்ட பெயர் அறியப்படாத பல்லாயிரவரே ஒரு புலம்பெயர் சமூகத்தை ஒரே தலைமுறையில் நடுத்தர வர்க்கமாக உயர்த்தியவர்கள்.

மாணவர் அமைப்பின் கதையும் இதையே காட்டுகிறது. இன்று 800க்கும் மேற்பட்ட வளாகங்களில் யூத மாணவர்களுக்குத் துணைநிற்கும் ஹில்லெல் என்ற அமைப்பு, கிழக்குக் கரையின் பழம்பெரும் கல்லூரி எதிலும் தொடங்கவில்லை; சோள வயல்கள் சூழ்ந்த இல்லினாய் பல்கலைக்கழகத்தின் அருகே, ஷாம்பெய்ன் என்ற சிற்றூரில், பெஞ்சமின் ஃபிராங்கெல் என்ற இளம் ராபியால் 1923இல் தொடங்கப்பட்டது. ராபி என்பவர் யூதச் சமயச் சட்டத்தைக் கற்றுத் தேர்ந்து மக்களுக்கு வழிகாட்டும் ஆசான். தம் யூத மாணவர்கள் தங்கள் மரபைப் பற்றி ஏதும் அறியாமல் இருப்பதைக் கண்டு வருந்திய கிறித்தவப் பேராசிரியர் ஒருவரின் தூண்டுதலும் இதற்கு ஒரு காரணம் என்பது குறிப்பிடத்தக்கது. ஃபிராங்கெலுக்குப் பிறகு அவ்வமைப்பை நாடெங்கும் பரப்பிய ஏப்ரம் சாகர் என்பவர்தான், 1948இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வால்தமில், சமயமோ இனமோ பார்த்து எவரையும் விலக்காத பல்கலைக்கழகமாக யூதச் சமூகத்தின் பொருளுதவியால் நிறுவப்பட்ட பிராண்டைஸின் முதல் தலைவரானார். 1960களின் பிற்பகுதியில் வேறொரு முயற்சியும் கிளம்பியது: ஹசிடிசம் என்னும் பக்தி மரபைச் சேர்ந்த ஹபாத்-லுபாவிச் இயக்கத்தினர் 1969இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தருகே ஹபாத் இல்லம் ஒன்றைத் திறந்தனர், இன்று நூற்றுக்கணக்கான வளாகங்களின் அருகே ஒரு ராபியும் அவர் மனைவியும் குடும்பமாகக் குடியேறி, வாயிலுக்கு வரும் எந்த யூத மாணவருக்கும் உணவிட்டு வருகின்றனர்.

இனி, யூத மாணவருக்கு வளாகத்தில் தேவைப்படுபவை எவை என்று பார்க்கலாம். யூதர்கள் எல்லோரும் ஒரே அளவில் சமய ஒழுக்கத்தைக் கடைப்பிடிப்பவர்கள் அல்லர்: சட்டத்தை எழுத்துப் பிசகாமல் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் பிரிவினர், காலத்துக்கேற்ப அளவாக நெகிழ்த்திக்கொள்ளும் கன்சர்வேடிவ் பிரிவினர், ஒழுக்க நெறியை முதன்மையாகவும் சடங்கை விருப்பத்துக்குரியதாகவும் கொள்ளும் ரிஃபார்ம் பிரிவினர், எந்தப் பிரிவையும் சாராது பிறப்பாலும் பண்பாட்டாலும் மட்டுமே தம்மை யூதர் என உணர்பவர்கள் எனப் பல வகையினர் உள்ளனர். இறுதி வகையினருக்கு ஒத்த மனமுடைய நண்பர்கள் சிலர் கிடைத்தாலே போதும். ஆர்த்தடாக்ஸ் மாணவருக்கோ அன்றாட வாழ்க்கையின் நுணுக்கங்கள் பலவும் கல்லூரியின் ஏற்பாட்டைப் பொறுத்தவை. கோஷர் என்பது உண்ணத்தக்க உணவு பற்றிய யூதச் சட்டம். பன்றியும் சிப்பி வகைகளும் விலக்கு என்பதோடு, இறைச்சியையும் பாற்பொருளையும் ஒருசேர உண்ணக்கூடாது, இரண்டுக்கும் சமையல் பாத்திரமும் தட்டும் கரண்டியும்கூடத் தனித்தனியாக இருக்க வேண்டும், சமையலறையை இதற்கெனப் பயின்ற ஒருவர் கண்காணிக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் அடக்கம். 'கோஷர் உணவு உண்டு' என்று கல்லூரியின் கையேட்டில் ஒரு வரி இருப்பதற்கும், உறைபனிப் பெட்டியில் வைத்த பொட்டலத்தைச் சூடாக்கித் தருவதற்கும், நாள்தோறும் மற்ற மாணவர்களோடு அதே கூடத்தில் அமர்ந்து சூடான உணவு உண்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

அடுத்தது ஷபாத். வெள்ளிக்கிழமை கதிரவன் மறைவதிலிருந்து சனிக்கிழமை இரவு விண்மீன்கள் தெரியும்வரை நீளும் அந்த ஓய்வுநாளில் எழுதுதல், பயணம் செய்தல், விளக்கை ஏற்றுதல், மின்கருவியை இயக்குதல் ஆகிய எதுவும் கூடாது. இன்றைய விடுதிகளில் வாயிற்கதவு மின்னணு அட்டையைக் காட்டினால்தான் திறக்கும். நடைபாதை விளக்கு ஆளைக் கண்டதும் தானே எரியும். சாதாரணத் திறவுகோல் ஒன்றைக் கல்லூரி தந்தாலன்றி, தொழுகை முடிந்து திரும்பும் மாணவர் கடுங்குளிரில் வேறு யாராவது கதவைத் திறக்கும்வரை வாசலில் காத்திருக்க வேண்டியதுதான். விடுதி ஏற்பாடு எவ்வளவு தீவிரமான பிரச்சினையாகலாம் என்பதற்கு யேல் ஒரு சான்று: ஆணும் பெண்ணும் கலந்து வாழும் விடுதிகளில் முதல் இரண்டு ஆண்டுகள் கட்டாயமாகத் தங்க வேண்டும் என்ற விதியிலிருந்து விலக்குக் கேட்ட ஆர்த்தடாக்ஸ் மாணவர்கள் 1990களின் இறுதியில் அப்பல்கலைக்கழகத்தின்மீது வழக்குத் தொடுத்தனர், 2000ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர்களுக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. உலகின் மிகச் சிறந்த பல்கலைக்கழகங்களுள் ஒன்றில் இடம் கிடைத்தும் வாழ இடம் பொருந்தாமற்போன இந்த நிகழ்வு, பெயருக்கும் பொருத்தத்துக்கும் உள்ள இடைவெளியை எடுத்துக்காட்டுகிறது.

நாட்காட்டி இன்னொரு சிக்கல். யூத நாட்காட்டி சந்திரனின் ஓட்டத்தையும் சூரியனின் ஓட்டத்தையும் இணைத்துக் கணிக்கப்படுவதால் பண்டிகைகள் ஆண்டுதோறும் சற்று முன்பின்னாக விழுகின்றன; புத்தாண்டான ரோஷ் ஹஷானா இரண்டு நாள், பாவமன்னிப்பு நோன்பான யோம் கிப்பூர் ஒரு நாள், கூடாரப் பண்டிகையான சுக்கோத்தின் தொடக்கத்தில் இரண்டு நாள், முடிவில் இரண்டு நாள் என்று செப்டம்பர், அக்டோபர் மாதங்களின் மூன்று வார இடைவெளியில் ஏழு நாள்கள் ஆர்த்தடாக்ஸ் மாணவர் பேனாவைத் தொட முடியாது. கல்லூரியின் முதல் பருவம் சூடுபிடித்து முதல் தேர்வுகள் வைக்கப்படும் நேரமும் அதுவே. வகுப்பில் எப்போதும் முன்னணியில் இருப்பவர் இந்த ஏழு நாள்களை ஈடுசெய்துகொள்வார். பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தால்தான் பிடிபடும் என்ற நிலையில் உள்ள மாணவர் பின்தங்கிவிடுவார். எனவே பண்டிகை நாளில் தவறிய தேர்வை வேறொரு நாள் எழுத அனுமதிப்பது பேராசிரியரின் தனிப்பட்ட பெருந்தன்மையைச் சார்ந்ததா, எழுத்தில் உள்ள கல்லூரி விதியா என்பது சராசரி மாணவருக்கு மிக முக்கியமான கேள்வி. பிராண்டைஸ் முதன்மையான யூதப் பண்டிகை நாள்களில் வகுப்பே நடத்துவதில்லை. நியூயார்க் நகரப் பொதுக் கல்லூரிகளும் ரோஷ் ஹஷானா, யோம் கிப்பூர் நாள்களுக்கு விடுமுறை விடுகின்றன.

இவற்றையெல்லாம் மனத்தில் வைத்துப் பார்த்தால், நடுத்தர மதிப்பெண்ணுக்கு எட்டக்கூடிய இடங்கள் பலவற்றில் வளமான யூத வாழ்க்கை இருப்பது தெரியும். மேரிலாந்து மாநிலப் பல்கலைக்கழகத்தின் காலேஜ் பார்க் வளாகம், நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்டன், ஃபுளோரிடாப் பல்கலைக்கழகம் ஆகியவை யூத மாணவர் எண்ணிக்கையில் முன்னிற்பவை என்றாலும், அண்மைக் காலத்தில் அவற்றில் இடம் கிடைப்பது கடினமாகிவிட்டது. அவற்றோடு ஒப்பிட எளிதில் இடம் தரும் நியூஜெர்சியின் ரட்கர்ஸ், புளூமிங்டனில் உள்ள இண்டியானாப் பல்கலைக்கழகம், பிலடெல்ஃபியாவின் டெம்பிள், பால்டிமோர் அருகே டவுசன், நியூயார்க்கின் ஆல்பனி, லாங் ஐலண்டின் ஹோஃப்ஸ்ட்ரா, டூசானில் உள்ள அரிசோனா, லாரன்ஸில் உள்ள கன்சாஸ் பல்கலைக்கழகங்கள் ஒவ்வொன்றிலும் ஹில்லெல் அமைப்பு உயிர்ப்போடு இயங்குகிறது. வீட்டிலிருந்தே சென்றுவர விரும்புவோருக்குக் குயின்ஸ், புரூக்ளின் நகரக் கல்லூரிகள் இன்றும் அருமையான வாய்ப்பு; அவற்றைச் சுற்றியுள்ள தெருக்களிலேயே தொழுகைக் கூடங்களும் கோஷர் கடைகளும் உள்ளன.

பென்சில்வேனியா மாநிலத்து ஆலன்டவுனில் 1848இல் லூத்தரன் திருச்சபையினர் தொடங்கிய மியூலன்பர்க் கல்லூரியைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ஏறத்தாழ இரண்டாயிரம் மாணவர்கள் படிக்கும் இந்தக் கிறித்தவ வேருள்ள கல்லூரியில் யூத மாணவர்களின் பங்கு பல ஆண்டுகளாகவே கணிசமானது. பொது உணவுக்கூடத்தின் உள்ளேயே இறைச்சிக்கும் பாற்பொருளுக்கும் தனித்தனி இடம் ஒதுக்கிய கோஷர் சமையலறை இருப்பதால், கோஷர் உண்பவர் தம் அறைத்தோழரை விட்டுப் பிரிந்து வேறு கட்டடத்துக்குப் போய்த் தனியே உண்ண வேண்டிய நிலை இல்லை. மற்ற மாணவர்களும் அங்கே வரிசையில் நின்று வாங்கி உண்கின்றனர். சிறுபான்மையினரை வரவேற்பது என்பது எத்தனை எளிய, செலவு பிடிக்கும், ஆனால் செய்யத்தக்க காரியம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு அரிது.

எண்ணிக்கையை மட்டும் நம்பிவிடவும் கூடாது. ஒரு பல்கலைக்கழகத்தில் ஐயாயிரம் யூத மாணவர்கள் இருப்பதாகக் கையேடு சொல்லலாம். ஆனால் கூட்டுத் தொழுகைக்குத் தேவையான பத்துப் பேர் கொண்ட மின்யான் என்னும் குழு நாள்தோறும் கூடுகிறதா, வாரம் ஒருமுறை மட்டுமா, பண்டிகைக்கு மட்டுமா என்பதை அந்த எண் சொல்லாது. இதை அறிய ஒரே வழி, ஒரு வெள்ளிக்கிழமை மாலை நேரில் சென்று பார்ப்பது. நன்கு இயங்கும் ஹில்லெல் இல்லத்தில் அந்தி சாயும் வேளையில் ஓர் அறையில் ஆர்த்தடாக்ஸ் முறையில் ஆணும் பெண்ணும் தடுப்புக்கு இருபுறமாக நின்று தொழுதுகொண்டிருக்க, அடுத்த அறையில் கன்சர்வேடிவ் முறையிலும் இன்னோர் அறையில் கிட்டார் இசையோடு ரிஃபார்ம் முறையிலும் வழிபாடு நடக்கும். முடிந்ததும் எல்லோரும் ஒரே கூடத்தில் கூடி, திராட்சை மது நிரம்பிய கிண்ணத்தை ஒருவர் உயர்த்தி ஆசி சொல்ல, பின்னலிட்ட ஹல்லா ரொட்டியைப் பிய்த்துப் பகிர்ந்து உண்பர். முதலாண்டு மாணவர் தனியே வந்து நின்றால் யாராவது நகர்ந்து இடம் தருகிறார்களா, அவர் பெயரைக் கேட்கிறார்களா என்பதை அங்கே ஐந்து நிமிடம் நின்றால் கண்டுகொள்ளலாம். தரவரிசை வெளியிடும் எந்தப் பத்திரிகையும் இதை அளப்பதில்லை.

2023 அக்டோபர் 7 தாக்குதலுக்கும் அதைத் தொடர்ந்த காஸா போருக்கும் பிறகு பாதுகாப்பு பற்றிய அச்சம் இந்தத் தேர்வில் முன்னால் வந்து நிற்கிறது. அவ்வாண்டு டிசம்பர் 5 அன்று ஹார்வர்டு, பென்சில்வேனியா, எம்.ஐ.டி. தலைவர்கள் நாடாளுமன்றக் குழுவின் முன் அளித்த விடைகள் பெருங்கண்டனத்துக்குள்ளாகி, முதல் இருவர் சில வாரங்களுக்குள் பதவி விலகினர். 2024 ஏப்ரலில் கொலம்பியாவில் எழுந்த போராட்டக் கூடாரங்கள் நாடெங்கும் பரவின. யூத மாணவர்கள் அனைவரும் ஒரே கருத்துடையவர்கள் அல்லர். கூடாரத்தைக் கண்டு அஞ்சியவர்களும் கூடாரத்துக்குள் அமர்ந்தவர்களும் அவர்களில் உண்டு. எந்தப் பக்கம் நின்றாலும் யூதர் என்பதற்காகவே வசைபாடப்படவோ விலக்கப்படவோ ஒருவருக்கு நேர்ந்தால் சட்டம் அவருக்குத் துணையாக உள்ளது: அரசு நிதி பெறும் கல்வி நிறுவனங்களில் இனம், நிறம், தேசியப் பூர்விகம் ஆகியவற்றின் அடிப்படையில் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்யும் 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைச் சட்டத்தின் ஆறாம் பகுதி சமயத்தைக் குறிப்பிடவில்லை என்றாலும், பொதுவான மூதாதையர் மரபுள்ள யூதர், சீக்கியர் போன்றோருக்கும் அது பொருந்தும் என்று கல்வித் துறை 2004இல் விளக்கமளித்தது. யூத வெறுப்புக்கு எதிராக இயங்கும் ஏ.டி.எல். அமைப்பு 2024 ஏப்ரலில் 85 வளாகங்களுக்குத் தரச்சான்று வழங்கியபோது, ஹார்வர்டு உள்ளிட்ட பல பெரும்பெயர்கள் தோல்வித் தரத்தையே பெற்றன. முதல் தரம் கிடைத்தவை பிராண்டைஸும், வடக்குக் கரோலைனாவில் கிறித்தவர்கள் நிறுவிய ஈலானும் மட்டுமே. ஒரு முழு வளாகத்தின் வாழ்க்கையை ஓர் எழுத்துக்குள் அடக்கும் இத்தகைய சான்றைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவும் வேண்டாம். புகார் வந்தால் எத்தனை நாளில் விசாரிக்கிறார்கள், தண்டனை உண்டா, அங்கே இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவர் தலையில் கிப்பா என்னும் சிறு குல்லாயோடு நூலகத்துக்குப் போகிறாரா என்று நேரில் கேட்டறிவதே நம்பத்தக்கது.

அடுத்து வருவது பணம். ஹில்லெல் அமைப்புக்குப் பெயர் தந்த பழங்கால ஞானியைப் பற்றித் தால்மூத் என்னும் யூத மறைவிளக்கத் தொகுப்பில் ஒரு கதை உண்டு: நாட்கூலியான அவர் ஈட்டியதில் பாதியைப் பாடசாலைக் காவலருக்குக் கட்டணமாகத் தந்து கற்றுவந்தார், கூலி கிடைக்காத ஒரு குளிர்கால வெள்ளிக்கிழமை கூரைமேல் ஏறிச் சாளரத்தருகே படுத்துப் பாடம் கேட்டவர்மேல் பனி மூடி, மறுநாள் காலையில்தான் உள்ளிருந்தோர் அவரைக் கண்டு இறக்கினர். இன்று அமெரிக்கக் குடும்பங்கள் எதிர்கொள்வதும் அதே வாயிற்காவலரைத்தான். கல்லூரி வாரியத்தின் கணக்குப்படி 2024-25 கல்வியாண்டில் சொந்த மாநிலத்துப் பொதுப் பல்கலைக்கழகத்தில் சராசரிக் கல்விக் கட்டணம் 11,610 டாலர். தனியார் கல்லூரியில் 43,350 டாலர். உணவும் உறைவிடமும் தனி. யூத நாட்பள்ளிகளில் பன்னிரண்டு ஆண்டுகள் கட்டணம் கட்டித் தளர்ந்த குடும்பத்துக்கு இந்த வேறுபாடு சிறிதன்று. நடுத்தர மதிப்பெண் பெற்றவருக்கு இங்கே ஒரு சாதகமும் உண்டு: தரவரிசையில் உச்சியில் உள்ள கல்லூரிகள் பெரும்பாலும் வறுமையைப் பார்த்தே உதவித்தொகை தருகின்றன, மதிப்பெண்ணுக்காகத் தருவதில்லை; அடுத்த நிலையில் உள்ள தனியார் கல்லூரிகளோ இடத்தை நிரப்பும் பொருட்டு அறிவித்த கட்டணத்தில் பாதிவரைகூடக் குறைத்துக்கொள்கின்றன.

பெரும்பெயருக்காகக் கூடுதலாகத் தரும் பணம் பின்னாளில் திரும்பி வருமா என்பதற்கும் ஆய்வு விடையளிக்கிறது. பொருளியலாளர்கள் ஸ்டேசி டேலும் ஆலன் குரூகரும் 2002இலும் 2011இலும் வெளியிட்ட ஆய்வுகளில், ஒரே தரத்துக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்த ஒத்த திறமுடைய மாணவர்களை ஒப்பிட்டபோது, எந்தக் கல்லூரியில் சேர்ந்தார்கள் என்பது பிற்கால வருமானத்தைப் பெரிதும் மாற்றவில்லை என்று கண்டனர். கறுப்பினத்தவர், ஹிஸ்பானியர், பெற்றோர் அதிகம் படிக்காத குடும்பத்தினர் ஆகியோருக்கே பெயர்பெற்ற கல்லூரி தனிப் பலன் தந்தது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பட்டதாரிகளிடம் கேலப் நிறுவனமும் பர்டியூ பல்கலைக்கழகமும் 2014இல் நடத்திய ஆய்வில், வேலையிலும் வாழ்விலும் பின்னாளில் நிறைவு காண்பதற்குக் கல்லூரியின் வகையைவிட, தம்மேல் அக்கறை காட்டிய ஒரு பேராசிரியரையாவது பெற்றிருந்ததே முக்கியமாக இருந்தது. ஆயிரம் பேர் அமர்ந்து கேட்கும் விரிவுரைக் கூடத்தில் அத்தகைய பேராசிரியரைச் சந்திப்பது சராசரி மாணவருக்கு அரிது. முப்பது பேர் வகுப்பில் அது நடக்கக்கூடியது.

நேராக நாலாண்டுக் கல்லூரிக்குப் போவது ஒன்றே வழியும் அன்று. நியூயார்க்கின் யெஷிவா பல்கலைக்கழகத்தில் காலையில் தால்மூதும் பிற்பகலில் அறிவியலும் வணிகமும் கற்கலாம்; அதன் ஸ்டெர்ன் மகளிர் கல்லூரி 1954இல் தொடங்கப்பட்டது. ஆர்த்தடாக்ஸ் மாணவர் பலர் பள்ளி முடிந்ததும் இஸ்ரேலில் ஓராண்டு சமயக் கல்வி பெற்றுத் திரும்புகின்றனர். ஓராண்டு முதிர்ச்சி கூடிய பிறகு கல்லூரிப் பாடம் எளிதாகப் பிடிபடுவதுண்டு. ஈராண்டுச் சமுதாயக் கல்லூரியில் குறைந்த செலவில் தொடங்கி, நல்ல தரப்புள்ளி எடுத்து, மூன்றாம் ஆண்டில் பல்கலைக்கழகத்துக்கு மாறும் வழி எல்லாவற்றிலும் குறைவாக மதிக்கப்படுவது. கலிஃபோர்னியாவில் குறிப்பிட்ட தரப்புள்ளியை எட்டிய சமுதாயக் கல்லூரி மாணவருக்கு கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஆறு வளாகங்கள் முன்கூட்டியே இடத்துக்கு உறுதியளிக்கின்றன. அவர் பெறும் பட்டத்தில் முதல் இரண்டு ஆண்டுகள் எங்கே கழிந்தன என்று எழுதப்பட்டிருக்காது.

இவ்வளவு வழிகள் இருந்தும் குடும்பங்கள் தடுமாறுவதற்குச் சமூகத்தின் பெரியவர்களே பெரிதும் பொறுப்பு. யூத நாட்பள்ளிகள் ஆண்டுதோறும் வெளியிடும் சேர்க்கைப் பட்டியலில் உச்சப் பெயர்களைத் தடித்த எழுத்தில் அச்சிட்டுவிட்டு, டவுசனுக்கும் குயின்ஸுக்கும் சமுதாயக் கல்லூரிக்கும் சென்ற பிள்ளைகளை 'மற்றும் பிற' என்ற சொல்லுக்குள் மறைப்பது அநீதி. நன்கொடையாளர்களின் கவனமும் பெரும்பாலும் தாம் படித்த பெருங்கல்லூரிகளின்மீதே செல்வதால், அங்கே ஹில்லெலுக்கு அழகிய கட்டடம் எழும்புகிறது. வட்டாரப் பல்கலைக்கழகங்களிலோ பகுதிநேர ஊழியர் ஒருவர் இரண்டு மூன்று வளாகங்களைச் சுற்றிவர வேண்டியிருக்கிறது. வீட்டிலிருந்து சென்றுவரும் மாணவர், வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர், முதல் பருவத்திலேயே தேர்வில் தவறிப் படிப்பை விடலாமா என்று யோசிப்பவர் ஆகியோருக்குத்தான் தேடிவந்து பேசும் ராபியும் சூடான ஒரு வேளை உணவும் மிகுதியாகத் தேவை. சமுதாயக் கல்லூரி ஒன்றின் மாணவர் மையத்தில் வாரத்துக்கு ஒரு நண்பகல், ஓர் அறை, ஒரு ஊழியர், சில பெட்டி கோஷர் உணவு என்ற அளவுக்குச் செலவிடுவது, பெருங்கல்லூரியின் கட்டடத்தில் இன்னொரு தளம் எழுப்ப ஆகும் தொகையில் மிகச் சிறு பங்கே. அந்தப் பணம் முதலில் அங்கே போய்ச் சேர வேண்டும்.